வளனாரைப் பாடிய வீரமாமுனிவர்



பொன்விழா மலர் பற்றிப் பேச மலர்க் குழுவினர் பங்கு இல்லத்து வராந்தாவில் கூடியபோது, பங்கின் வரலாற்றை யார் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. எல்லாருடைய கண்ணும் ஒருவர் பக்கமே திரும்பிற்று. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்; ஆகையால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓலைக் கொட்டகையில் பூசை நடந்த நாள் முதற்கொண்டு நம் பங்கின் கதையை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வருகிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தொடங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் முடித்தபாடில்லை. கேட்டால், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு எழுத்து எதற்குச் சாமி, படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று சொல்லி நோட்டுகளை மறுபடி இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்.

அவரோடு வாதாடி எனக்குப் பழக்கமில்லை. அவர் என்னைவிட வயதில் மூத்தவர். பங்குப் பேரவையிலும் அவர் சொல்லே நிற்கும். ஆகவே சுற்று வழியாக வருகிறேன். நம் பங்கின் பாதுகாவலராம் புனித சூசையப்பர்மீது தமிழில் ஒரு பெருங்காப்பியம் உண்டு. அதன் பெயர் தேம்பாவணி. அதைப் பாடி முடித்த குருவானவரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன். பெரியவரும் படிப்பார் என்று நம்புகிறேன்.

வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் அவருடைய இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. ஜுசேப்பே என்பது இத்தாலிய மொழியில் சூசை. ஆக, நம் பாதுகாவலரின் பெயரைத் தாங்கியே அவர் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழுந்தார். 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகேயுள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். அதே ஊரில்தான் அவருக்கு நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன், இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியாரும் பிறந்தார். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஞானப்பிரகாசியாரின் கதையைக் கேட்டுத்தானே வளர்ந்திருப்பார்கள்! மாந்துவாவில் இயேசு சபையாரிடம் படித்த பெஸ்கி, 1698-இல் அச்சபையிலேயே சேர்ந்தார். ராவென்னாவிலும் பொலோஞாவிலும் பயிற்சி பெற்றார்.

அந்நாளில் மதுரை மிஷன் என்ற பெயரே இயேசு சபை மடங்களில் இளந்துறவிகளின் உள்ளத்தைச் சுண்டி இழுத்தது. 1606-இல் மதுரைக்கு வந்து காவியுடுத்தித் தமிழராகவே வாழ்ந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலியின் மிஷன் அது. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூர் மண்ணில் தலை வெட்டுண்ட அருளானந்தர் ஜான் தெ பிரிட்டோவின் மிஷனும் அதுவே. சபைத் தலைவர் தம்புரீனியிடம் அனுமதி பெற்று, லிஸ்பனில் கப்பலேறி, 1710 அக்டோபரில் கோவாவை அடைந்தார் பெஸ்கி. அடுத்த ஆண்டு மதுரை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது நிறைந்திருந்தது.

முப்பது வயதில் தமிழ் அரிச்சுவடி! நம் பங்கில் ஞாயிறு மாலைப் பூசைக்கு வரும் ஜார்கண்ட், ஒடிசா மாநிலத்துப் பிள்ளைகளை நீங்கள் கவனித்திருப்பீர்கள். சிப்காட்டில் வேலைக்கு வந்து ஓராண்டு ஆகியும், கடைக்காரரிடம் உப்பு, பருப்பு வாங்கும் அளவுக்கே தமிழ் வருகிறது. ழகரம் அவர்கள் வாயில் படும் பாட்டைக் கேட்டு நம் வீட்டுச் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். அப்படிச் சிரிக்கப்பட்ட ஒருவராகத்தான் பெஸ்கி சுவாமியும் தொடங்கியிருக்க வேண்டும். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இலத்தீன், கிரேக்கம் எல்லாம் கற்றுத் தேர்ந்த ஒருவர், சிறுபிள்ளைபோல் அகரம் எழுதிப் பழகுவதற்கு எவ்வளவு தாழ்ச்சி வேண்டும் என்பது குருமடத்தில் காலம் கழித்த எனக்கு நன்றாகவே தெரியும்.

அமைதியான காலமும் அன்று. சிற்றரசர்களும் பாளையக்காரர்களும் ஒருவரோடொருவர் பொருதுகொண்டிருந்த நாட்கள். ஓரிடத்தில் தங்கினால் மறு இடத்தில் சந்தேகம். வந்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள், 1714–15-இல், அவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. அருளானந்தரின் முடிவு தமக்கும் வந்ததென்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் உயிர் தப்பினார். அவருடைய முதற் பெயருக்கு உறுதியானவர் என்பது பொருள். ஆகையால் மக்கள் அவரைத் தைரியநாதர் என்று அழைத்தனர். வீரமாமுனிவர் என்பது பின்னால் வழங்கிய பெயர்.

இவ்வளவு நடுவிலும் அவர் தமிழ் படிப்பதை விடவில்லை. சுப்ரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார் என்பது வழிவழிச் செய்தி. திருக்குறளையும் சீவக சிந்தாமணியையும் கம்பரையும் ஆழ்ந்து பயின்றார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பிற்பாடு இலத்தீனில் பெயர்த்தார். பேச்சுத் தமிழ் பேசி, மந்திரம் சொல்லிக் கொடுத்து, பூசை செய்து போவதற்கு இவ்வளவு படிப்புத் தேவையில்லை. அவருடைய மனதில் அப்போதே பெரிதாக ஏதோ ஒன்று கருக்கொண்டிருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி என்ற சிற்றூர் இருக்கிறது. நம் பங்கிலிருந்து பேருந்து வைத்து அடைக்கல மாதாவைத் தரிசிக்கப் போய் வந்தோமே, அதே ஊர். அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர் வீரமாமுனிவரே. அந்த அன்னைமீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அங்கே வாழ்ந்த காலத்தில்தான் சூசையப்பரின் காப்பியம் வளர்ந்தது.

இனிமேல் நான் சொல்வதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஒரு காப்பியத்துக்குத் தலைவன் வேண்டும். அவன் போரிட வேண்டும், பேச வேண்டும், நாடாள வேண்டும். வீரமாமுனிவர் எடுத்துக்கொண்ட தலைவரோ ஒரு தச்சர். நற்செய்தி நூல் நான்கையும் புரட்டிப் பாருங்கள். சூசையப்பர் வாய் திறந்து பேசிய ஒரு சொல்லாவது அகப்படாது. மத்தேயுவிலும் லூக்காவிலும் அவரைப் பற்றி வருவன சில வசனங்களே. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னதைச் செய்கிறார். பன்னிரண்டு வயதுப் பாலன் ஆலயத்தில் காணாமற்போய்க் கண்டெடுக்கப்பட்ட பிறகு அவரைப் பற்றிய பேச்சே இல்லை. இப்படிப்பட்ட ஒருவரை வைத்து மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 விருத்தப் பாடல்கள்! இராமனைப் பாடிய கம்பருக்குக்கூட இந்தச் சங்கடம் இருந்ததில்லை.

விருத்தம் என்றால் அளவொத்த நான்கு அடிகள். ஓரடி சிறுத்தாலோ நீண்டாலோ கேட்பவர் காதே காட்டிக் கொடுத்துவிடும். இரும்பு உருட்டும் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அளவு தவறிய கம்பி அடுத்த உருளைக்குள் நுழையாது. 3615 பாடல் என்றால் ஏறத்தாழ பதினான்காயிரத்து ஐந்நூறு அடிகள். நாளொன்றுக்கு ஒரு பாடல் பாடினாலும் பத்து ஆண்டுகள் பிடிக்கும். அவருக்கோ அது ஒன்றே வேலையன்று. நோயாளிகளுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க நடந்தே போக வேண்டும். வழக்குத் தீர்க்க வேண்டும். கோயில் கட்ட வேண்டும். ஏலாக்குறிச்சியிலும் கோனான்குப்பத்திலும் அவர் மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர் என்பதை மறக்கக் கூடாது.

எழுதும் முறையும் இன்றுபோல் இல்லை. காகிதத்தில் அடித்துத் திருத்தலாம். பனையோலையில் எழுத்தாணி பட்டது பட்டதுதான். மெய்யெழுத்தின்மேல் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியில்லாமலே எழுதிப் போவது வழக்கம். எகரம், ஏகாரம், ஒகரம், ஓகாரம் இவற்றுள் எது குறில், எது நெடில் என்பதை வாசிப்பவரே இடம் பார்த்து உணர்ந்துகொள்ள வேண்டும். தமிழிலே பிறந்து வளர்ந்தவருக்கு அது பழகிப்போயிருந்தது. அயல்மொழிக்காரரான வீரமாமுனிவர் அதில் இடறினார். இடறியதால் அதைச் சரிசெய்யும் வழியையும் கண்டார். குறிலையும் நெடிலையும் எழுத்திலேயே வேறுபடுத்திக் காட்டும் சீர்திருத்தம் அவருடையது. இன்று நம் பிள்ளைகள் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று சொல்லிக்கொண்டு எழுதுகிறார்களே, அந்த வேறுபாடு அவர் வழி வந்தது. தேம்பாவணி என்ற பெயரின் முதல் எழுத்திலேயே அந்த இரட்டைக் கொம்பு நிற்கிறது! ஒருவருடைய இயலாமையிலிருந்து ஒரு மொழிக்கு இவ்வளவு பெரிய நன்மை விளைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அவருக்குத் தயக்கம் இருந்திருக்குமா? தமிழ்ப் புலவர் யாராயினும் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் சொல்வது மரபு; தம் குறையைச் சொல்லிச் சான்றோரிடம் பொறுமை வேண்டுவார்கள். பிறவிக் கவிஞர்களுக்கு அது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது. வீரமாமுனிவரும் தம் பாயிரத்தில் அவையடங்குகிறார். ஆனால் அவர் விஷயத்தில் அது வெறும் மரபென்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. முப்பது வயதில் ழகரம் பழகிய ஒருவர், சிந்தாமணியையும் கம்பரையும் மனப்பாடமாக வைத்திருக்கும் புலவர்கள்முன் ஏட்டை அவிழ்க்கிறார். அவர் அஞ்சியிருக்காவிட்டால்தான் அதிசயம்.

கதைக்கு அவர் துணைகொண்ட நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூசையப்பரின் வரலாற்றில் வேதாகமம் சொல்லாத பகுதிகளை, ஸ்பெயின் நாட்டு ஆகிரேதா என்னும் ஊரில் கன்னியர் மடத்துத் தலைவியாயிருந்த மரியா எழுதிய நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். அதைத் தம் காப்பியத்திலேயே சொல்லியும் இருக்கிறார். அந்த மரியாவின் கதை கேட்கத் தக்கது. பல்லாண்டு பாடுபட்டுத் தேவதாயின் சரித்திரத்தை எழுதினார் அவர். பெண்ணுக்கு எழுத்து வேலை எதற்கு என்று கருதிய ஓர் ஆன்ம குரு அதை எரிக்கச் சொன்னார்; கீழ்ப்படிதலின் பொருட்டு எரித்துவிட்டார். பிறகு வேறொருவரின் கட்டளைப்படி முதலிலிருந்து மறுபடியும் எழுதினார். 1665-இல் அவர் இறந்தார். 1670-இல்தான் நூல் அச்சேறியது. அதை ரோமையில் சிறிது காலம் தடைசெய்ததும் உண்டு. சாம்பலாகிப் போன ஒரு நூல், மறுபிறவி எடுத்து, கடல் கடந்து வந்து, கொள்ளிடக் கரையில் தமிழ்க் காப்பியத்துக்கு விதையாயிற்று! (மரியாவின் காட்சிகள் விசுவாச சத்தியங்கள் அல்ல என்பதை மறைக்கல்வி ஆசிரியன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன். பக்தி நூலைப் பக்தி நூலாகவே படிக்க வேண்டும்.)

விதை ஸ்பெயினிலிருந்து வந்தாலும் விளைந்த நிலம் தமிழ் நிலமே. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று மரபு வழுவாமல் தொடங்குகிறது காப்பியம். அவர் பாடும் யூதேயாவில் நெல் விளைகிறது, தாமரை பூக்கிறது. சூசை என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்ற பொருள் இருப்பதைக் கண்டு, அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். இதைவிட அழகாக அந்தப் பெயரை யாரும் தமிழாக்கியதில்லை. நூலின் பெயரும் அப்படியே: தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை, தேன் பா அணி என்று பிரித்தால் தேன்போன்ற பாக்களால் ஆன அணி.

முதற் காண்டத்தில் அடுத்தடுத்து இரண்டு படலங்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் ஐயந்தோற்று படலம். மற்றொன்று ஐயநீங்கு படலம். மரியன்னை கருவுற்றிருப்பதைக் கண்டு வளனார் கலங்கியதையும், வானவர் வந்து தெளிவித்ததையும் பாடும் பகுதிகள் இவை. மத்தேயு இரண்டு மூன்று வசனத்தில் கடந்துவிடும் அந்தக் கலக்கத்துக்கு இவர் முழுப் படலம் ஒன்றை ஒதுக்கினார். ஐயத்தை அவசரமாகத் துடைத்துவிடவில்லை. அது தோன்றி, வளர்ந்து, ஒரு நல்ல மனிதனை வாட்டுவதற்கு இடம் கொடுத்தார். வளனாரின் ஐயம் எதைப் பற்றியது என்பதில் திருச்சபையின் மறைவல்லுநர்களிடையே பல கருத்துகள் உண்டு. மாதாவை அவர் சந்தேகிக்கவில்லை, தம்மைத்தான் சந்தேகித்தார், இவ்வளவு பெரிய மறைபொருளின் அருகே நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்க நினைத்தார் என்பது புனித பெர்நார்து சொன்ன விளக்கம். என் மனம் இந்த விளக்கத்தின் பக்கமே சாய்கிறது. தகுதியில்லை என்று எண்ணிய அந்த மனிதரிடம்தான் குழந்தையை வளர்க்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் தூங்கி எழுந்தார். தம் மனைவியை ஏற்றுக்கொண்டார். மறுநாள் உளியை எடுத்திருப்பார்.

இந்த இரண்டு படலங்களையும் எழுதிய நாட்களில் வீரமாமுனிவர் தம்மைப் பற்றியும் எண்ணாமல் இருந்திருப்பாரா? நூலில் இன்னும் இருபத்தெட்டுப் படலங்கள் எஞ்சியிருந்தன.

நானே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குருமடத்தில் தமிழ்ப் பேராசிரியர் தேம்பாவணியை எங்கள் கையில் கொடுத்தார். நாட்டுப் படலத்தையே என்னால் தாண்ட முடியவில்லை. தேர்வுக்கு வேண்டிய பத்துப் பாட்டை உருப்போட்டுவிட்டு நூலை மூடிவிட்டேன். முப்பது ஆண்டுகள் திறக்கவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கில் கோயில் கதவு மூடிக் கிடந்தது. ஆலைச் சங்கு நின்றுபோயிற்று. நெடுஞ்சாலையில் லாரி ஓசைகூட இல்லை. அந்த வெறுமையில்தான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பாட்டிலிருந்து தொடங்கினேன். அவ்வாண்டு டிசம்பர் 8-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சூசையப்பர் ஆண்டை அறிவித்தபோது நான் இரண்டாம் காண்டத்தில் இருந்தேன். படிப்பதற்கே எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. எழுதியவரை நினைத்துக் கொள்ளுங்கள்.

1726-ஆம் ஆண்டு தேம்பாவணி நிறைவுற்றது. கடைசிப் படலம் முடிசூட்டுப் படலம். தச்சர் வளனாருக்கு வானகத்தில் முடி சூட்டுகிறார்கள். பாடியவருக்கு வயது நாற்பத்தாறு. அதே 1726-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ரோமையில், அவருடைய ஊர்க்காரரான ஞானப்பிரகாசியாருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அந்தச் செய்தி கப்பலில் வந்து கொள்ளிடக் கரையை எட்ட மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கிடைத்த நாளில் காஸ்திலியோனேக்காரர் என்ன செய்திருப்பார் என்று கற்பனை செய்து பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

முடித்ததோடு சங்கடம் தீர்ந்ததா? இல்லை. பாட்டின் பொருள் விளங்காமல் போகக் கூடாதென்று தாமே உரையும் எழுதினார். வெள்ளைக்காரர் ஒருவர் இப்படிப் பாடியிருக்க முடியாது, அவருடைய ஆசிரியர் சுப்ரதீபக் கவிராயரே எழுதிக் கொடுத்திருப்பார் என்று சொன்னவர்களும் உண்டு. சந்தேகிப்பவர்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். நூல் மோசமாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திராது. அவர் விட்டுச் சென்ற மற்ற நூல்களே இதற்குப் போதிய மறுமொழி. 1727-இல் வேதியர் ஒழுக்கம், 1728-இல் வேத விளக்கம், 1730-இல் ஐந்திலக்கணமும் சொல்லும் தொன்னூல் விளக்கம், 1732-இல் சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாக அகரவரிசையில் சொற்களை அடுக்கிய அந்த அகராதி, நிகண்டுகளை மனப்பாடம் செய்தே தீரவேண்டியிருந்த தமிழ் மாணவனுக்குப் பெரிய விடுதலை. நிகண்டு படித்து அவதிப்பட்ட ஒருவர்தானே அதைச் செய்திருக்க முடியும்!

பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையார். அவர்களோடுதான் அவர் ஓயாமல் வாதிட்டு மறுப்பு நூல்கள் எழுதி வந்தார். வாதம் வாதமாயிருக்க, அவர் இலக்கணம் நல்ல இலக்கணம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். இன்றைய ஒன்றிப்பு முயற்சிகளுக்கு முன்னோடியாக இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனால் சொல்ல ஆசையாக இருக்கிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற சீடர்களை வைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பரமார்த்த குரு கதை எழுதியவரும் இவரே. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு முடிந்தும் எழுந்து போகமாட்டார்கள்.

1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், கேரளத்தில் அம்பழக்காடு என்ற ஊரில் இயேசு சபை இல்லத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்திய அதே பிப்ரவரி 4. இத்தாலியை விட்டு வந்தபின் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை.

அவர் கண்மூடிய நாளில் தேம்பாவணி ஏட்டுச் சுவடியாகவே இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிக் காத்தனர். கரையான் அரிப்பதற்குள் எழுதியாக வேண்டும், இல்லையேல் போயிற்று. பெயர் தெரியாத அந்த ஏடெழுதிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை ஊரூராகச் சென்று அவருடைய நூல்களைத் தேடினார். 1822-இல் அவருடைய வரலாற்றையும் தமிழில் எழுதினார். தேம்பாவணி அச்சேறியதோ புதுச்சேரியில், 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக. பாடியவர் மறைந்து நூற்றுநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! தம் நூல் அச்செழுத்தில் எப்படி இருக்கும் என்பதை அவர் பார்த்ததேயில்லை. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சென்னைக்குப் போகும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். கும்மிடிப்பூண்டியில் ஆண்டுதோறும் அந்நாளில் உங்கள் கருவிகளைப் பீடத்தின்முன் வைத்து மந்திரிக்கிறோம். ஸ்பேனரும் வெல்டிங் கண்ணாடியும் தையல் கத்தரியும் வரிசையாக இருக்கும். சென்ற மே மாதம் அந்த வரிசையின் கடைசியில் யாரோ ஒரு பழைய பேனாவை வைத்திருந்தார்கள். யாருடையது என்று நான் கேட்கவில்லை. தீர்த்தம் அதன்மேலும் தெளித்தேன்.

சென்ற மாதம் பெரியவர் வீட்டுக்கு நான் போயிருந்தேன். அம்மா காப்பி கொடுத்துவிட்டு, சாமி கேட்டால் கொடுக்க மாட்டீர்களா என்று அவரைக் கடிந்துகொண்டு, தாமே பெட்டியைத் திறந்து நோட்டுகளை எடுத்து வந்தார்கள். நான்கு நோட்டுகள். முதல் நோட்டில் ஓலைக் கொட்டகை புயலில் பறந்த இரவு இருக்கிறது. கோயில் அடித்தளத்துக்கு இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் மண் சுமந்தது இருக்கிறது. யார் எத்தனை மூட்டை சிமெண்டு கொடுத்தார்கள் என்பதுகூட இருக்கிறது. இவை வேறு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஞானஸ்நானப் புத்தகத்திலும் கணக்குப் புத்தகத்திலும் நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த முதல் நோட்டிலிருந்து சில பக்கங்கள் இம்மலரில் இக்கட்டுரையை அடுத்து வருகின்றன. இரண்டு வாரம் யோசித்து, பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு பெரியவர் சம்மதித்தார். சந்திப் பிழைகளைத் திருத்தட்டுமா என்று கேட்டேன், திருத்துங்கள் என்றார். இரண்டு பக்கம் திருத்திப் பார்த்தேன். அவருடைய குரல் போய் என் குரல் வந்துவிட்டது. ஆகவே அவர் எழுதியபடியே விட்டுவிட்டேன். நான்காம் நோட்டு மாதா கெபி கட்டத் தொடங்கிய ஆண்டோடு நிற்கிறது. ஐந்தாவது நோட்டை நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்குமுன் பார்க்கலாம் சாமி என்று சொல்லியிருக்கிறார்.